விமான நிலைய வாசலில் ஏழு பெயர்கள்

தம்பி,

விமான நிலையம் கம்பனியாகிவிட்டது. போன மாதம் முதலாம் திகதி காலையில் திணைக்களத்தின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுப் புதியதைப் பூட்டினார்கள். நீ கொழும்பில் தலைமை அலுவலகத்தில் இருந்ததால் பார்த்திருக்கமாட்டாய். என் தராசு மேசையில் இருந்தால் அந்தச் சுவர் நேரே தெரியும். புதுப் பலகை பழையதைவிடச் சின்னது. அதனால் பழையது இருந்த இடம் நாலு பக்கமும் வெள்ளையாக வெளியே தெரிகிறது. இன்னும் யாரும் பெயின்ற் அடிக்கவில்லை. பத்து நாள் கழித்து, வாசலுக்கு வெளியே மேசை போட்டிருக்கும் எங்கள் ஏழு பேருக்கும் ஒரு அறிவித்தல் தந்தார்கள். கம்பனி ஆவதற்கு முன்பிருந்தே இங்கே தொழில் செய்ததை எழுத்தில் காட்டக்கூடியவர்களுக்கு நிலையான வாடகையில் இடம் கிடைக்கும். காட்ட முடியாதவர்கள் மாத முடிவுக்குள் எழும்ப வேண்டும், அந்த இடம் கேள்விப்பத்திரத்தில், அதாவது டெண்டரில், கூடிய வாடகை சொல்பவருக்குப் போகும். அவர்கள் சொன்ன மாதம் முடிந்துவிட்டது. நாங்கள் ஏழு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இதை உறைக்குள் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சிச் சந்தையில் தொடங்கி எங்கள் ஊர் ஜெயபுரம் வரைக்கும் ஒரு கதை போகிறது. "தராசக்காவின்ர மகன் உள்ளுக்க இருந்து இடம் எடுத்துக் குடுத்திட்டான்." இதுதான் கதை. மரக்கறி வாங்கப் போன இடத்தில் என் முகத்துக்கு நேரேயே ஒருத்தி சொன்னாள், "உங்களுக்கென்ன அக்கா, உள்ளுக்க ஆள் இருக்கு." அந்தக் கதையை உனக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். போன கிழமை நீ தொலைபேசி எடுத்து "சாப்பிட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நீ ஒன்றும் செய்யவில்லை, தம்பி. செய்யச் சொன்னது நான். நீ மாட்டேன் என்றாய். அதை நான் உன் காதுக்குள் சொன்னால் போதாது, ஊருக்குள் சொல்ல வேண்டும். உன் பெயரில் சேறு பட்டால் அதைக் கழுவுவது பெரிய வேலை. நீ இப்போதுதான் அந்தக் கம்பனியில் கால் வைத்திருக்கிறாய்.

எங்கள் வாசலைக் காணாதவர்களுக்கும் இது விளங்க வேண்டும். அது ஒரு ஓடுபாதை, ஒரு கட்டடம், சின்ன விமானம். சின்ன விமானம் என்றபடியால் ஆளுக்குக் கொண்டுபோக விடுகிற நிறையும் கொஞ்சம்தான். எங்கள் சனத்துக்கு அது விளங்காது. ஒருவர் பயணம் போனால் அவருடைய பெட்டிக்குள் சொந்தக்காரர் எல்லோரும் கை வைப்பார்கள். வறுத்து இடித்த தூள், கருவாடு, ஒடியல் மா, பனங்காய்ப் பணியாரம், அங்கே இருக்கிற மருமகளுக்கு ஒரு சேலை, அவள் பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு. உள்ளே கவுண்டரில் நிறுத்து ஆறு கிலோ கூட என்று சொன்னதும், போகிறவர் நிலத்தில் குந்தியிருந்து பெட்டியை அவிழ்ப்பார். வழியனுப்ப வந்தவர்கள் வேலிக்கு வெளியே, அவர் உள்ளே. எடுத்ததை யாரிடம் கொடுப்பது? நான் அப்போது அந்த வாசலில் வறுத்த கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவில் இருந்து வந்த ஒரு பெண் தாய் கட்டிக் கொடுத்த தூளைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் கண்டேன். அடுத்த கிழமை ஒரு சோடிக் காப்பை விற்றுத் தராசு வாங்கினேன். பெட்டியை வாசலிலேயே நிறுத்து, கூடினதை எடுத்து, மிச்சத்தை ஒழுங்காக அடுக்கிக் கட்டி, எடுத்ததைப் பொட்டலமாக்கி வழியனுப்ப வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஒருவர் சாமான் இன்னொருவர் பெட்டிக்குள் போக, யார் எவ்வளவு கெஞ்சினாலும் நான் விட்டதில்லை. அந்த ஒரு ஒழுங்கால்தான் காவலில் நிற்பவர்களும் என்னை நம்பினார்கள். என் பக்கத்தில் செல்வராணி அக்கா தேத்தண்ணியும் சோற்றுப் பார்சலும் போட்டார். யோகன் ஓட்டோவை விட்டுவிட்டுப் பெட்டிப் பூட்டும் கயிறும் விற்றான், அறுந்த ஸிப் தைத்தான். இப்படி ஏழு மேசை ஆயிற்று.

இனி என் முதல் பிழையைச் சொல்கிறேன். விமான நிலையத்தின் பழைய பொறுப்பதிகாரி நல்ல மனிதர். தொடக்கத்திலேயே எங்களைக் கூப்பிட்டு, "அடையாள அட்டைப் போட்டோக் கொப்பியும் பேர் விபரமும் தாங்கோ. மாதம் ஒரு சின்னத் தொகை கட்டுங்கோ, பற்றுத் துண்டு தாறன். நாளைக்கு ஆரும் கேட்டால் காட்டலாம்" என்றார். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். "பேர் விபரம் வேண்டாம் ஐயா. நாங்கள் ஓரமா இருந்திட்டுப் போறம்." அவர் சிரித்தார். "அப்ப சரி. நான் உங்களைக் காணேல்ல." ஐந்து வருடமும் அவர் எங்களைக் காணவில்லை. காணாமலேயே தினமும் செல்வராணி அக்காவிடம் தேத்தண்ணி குடித்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. உன் தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் யாரோ கொண்டுவந்த ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். சம்பளப் பதிவு என்று நினைத்துத்தான் வைத்தார். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, அந்தத் தாளால் அவரும் இந்தியாவுக்குப் போகிற ஆள் ஆகிவிட்டார். போகப் பிடிக்காமல்தான் வன்னிக்கு வந்து காடு வெட்டினார். அதன் பிறகு எந்தத் தாளையும் தொடவில்லை. "பேரு குடுத்தா அந்தப் பேர எவன் எடுத்துக்கிட்டுப் போவான்னு தெரியாது புள்ள" என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார். பிறகு யுத்தம் முடிந்து முகாமுக்குள் இருந்த நாட்களில் உனக்குப் பத்து வயது, ஞாபகம் இருக்கும். காலையில் ஒரு பட்டியல், பின்னேரம் இன்னொரு பட்டியல். எதில் பெயர் இருந்தால் நல்லது, எதில் இருந்தால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அங்கே நான் படித்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்டால் ஒழியப் பெயர் சொல்லாதே, கேட்டாலும் முடிந்தால் தப்பிக்கொள். அந்தப் படிப்பு அந்த இடத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். அதைக் கச்சான் மேசைக்கும் தராசு மேசைக்கும் கொண்டுவந்ததுதான் பிழை. என் மேசையோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. என்னை நம்பி ஆறு பேர் துண்டு வாங்காமல் விட்டார்கள்.

இரண்டாவது பிழை உன்னோடு விட்டது. உனக்கு அதே விமான நிலையத்தில் அரசாங்க வேலை கிடைத்த அன்று ஜெயபுரத்தில் வீடு வீடாக இனிப்புக் கொடுத்தேன். "என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கு வேலையைச் சொல்லவில்லை, "ஓய்வூதியம் இருக்கு" என்று சொன்னேன். பிறகு, கம்பனிக்கு வருகிறாயா அல்லது வேறு திணைக்களத்துக்குப் போகிறாயா என்று படிவம் தந்தார்கள். நீ கம்பனிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போகப் போவதாக வந்து சொன்னாய். நான் கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டேன். "ஓய்வூதியத்தை ஆராவது வேண்டாம் எண்டு சொல்லுவானோ?" என்று கேட்டேன். "நீங்கள் ஒருநாளும் ஓய்வூதியம் பாத்து வாழேல்லையே அம்மா" என்றாய். "நான் வாழேல்லை எண்டபடியாத்தான்டா கேக்கிறன்" என்றேன். அதோடு பதினொரு நாள் உன்னோடு கதைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நாளைக்கு என்ன வரும் என்று தெரியாமல் காப்பை விற்றுத் தராசு வாங்கிய ஒருத்தி, மகன் துணிந்து ஒரு காரியம் செய்ததற்குக் கோபிக்கிறாள். நீ என்னிடம் இருந்து எடுத்த குணத்துக்குத்தான் நான் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது. அறிவித்தல் வந்த கிழமை நீ விடுமுறையில் வீட்டுக்கு வந்தாய். நான் குசினியில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தேன். நீ கதிரையை வாசல்படியோடு போட்டு இருந்தாய். விமான நிலைய வாசலில் மற்ற ஆறு பேரும் உன்னிடம் கேட்கச் சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளியிருந்தார்கள், "உங்கட மகன் தானே, ஒரு பழைய துண்டு எடுக்க ஏலாதோ?" என்று. அவர்கள் தள்ளினார்கள் என்று சொல்லி நான் தப்பப் போவதில்லை. கேட்டது என் வாய்.

"திணைக்களத்தின்ர பழைய கடதாசி இன்னும் உங்கட அலுமாரியில கிடக்கும்தானே. பழைய திகதி போட்டு, எங்கள் ஏழு பேற்ற பேரும் எழுதி ஒரு துண்டு. அவ்வளவுதான்."

"அது ஏலாது அம்மா."

"ஏழு பேற்ற சோறு."

"ஏழு பேற்ற சோறுதான். பொய்த் திகதி போட்டு அது பிடிபட்டால் ஏழு பேரையும் அண்டைக்கே எழுப்புவினம். பிறகு எந்தக் கேள்விப்பத்திரத்துக்கும் உங்களைச் சேர்க்காயினம். என்ர வேலை போறது வேற. உண்மையாப் பழைய திகதியில ஏதும் கிடந்தால் தேடுங்கோ. அதைக் கொண்டுவாங்கோ."

"துண்டே வாங்கேல்லை, எதைத் தேடுறது? நீ கம்பனிக்காரனாகீட்டாய். கம்பனிக்காரனுக்கு அம்மா என்ன, ஆடென்ன."

நீ எழும்பி, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். கச்சான் சட்டியிலேயே கருகிப் போயிற்று. உன் அப்பா வயலில் இருந்து வந்து மணத்தைப் பிடித்துவிட்டு, "என்ன எரிஞ்சது?" என்று கேட்டார். "கச்சான்" என்றேன். "கச்சான் மட்டுமோ?" என்றார். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை, உனக்குத் தெரியும். கதைத்தால் இப்படித்தான்.

மூன்று நாள் கழித்து நான் தராசைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். வருடத்துக்கு ஒருமுறை தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அதிகாரி வருகிற நாள் அது. இதை மட்டும் நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. முத்திரை இல்லாத தராசு என்றால் உள்ளே கவுண்டரில் இருப்பவர்கள், "வாசல் தராசு பிழை, எங்கட தராசுதான் சரி" என்று ஒரே வார்த்தையில் என் தொழிலை முடித்துவிடுவார்கள். அந்தப் பயம் பெயர் கொடுக்கிற பயத்தைவிடப் பெரியது. அதிகாரி போன வருடத் தாளைக் கேட்டார். தராசின் அடியில் பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருந்த எல்லாத் தாளையும் அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அஞ்சு வருசமும் ஒழுங்கா வந்திருக்கிறியள். கடைக்காரரே இப்படி வாறேல்லை. நான் மற்றவைக்குச் சொல்லுறனான், விமான நிலைய வாசலில இருக்கிற அம்மாவைப் பாத்துப் பழகுங்கோ எண்டு."

"நான் அந்த வாசலில இருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இதில எழுதியிருக்குத்தானே அம்மா" என்று விரலால் காட்டினார். தராசு பாவிக்கும் இடம் என்று அச்சடித்திருந்த கோட்டில், ஐந்து தாளிலும், ஐந்து வருடத் திகதியிலும், விமான நிலைய வாசல் என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர், முதலெழுத்தோடு, அடையாள அட்டை இலக்கத்தோடு. நான்தான் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன், அவர் எழுதியிருக்கிறார். எனக்கு அது என் பெயராகப் படவே இல்லை. தராசைப் பதிகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெயர் கொடுக்கப் பயந்து ஆறு பேரையும் தடுத்தவள், தராசுக்காக ஐந்து தரம் பெயர் கொடுத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே உன் குரல் கேட்டது. உண்மையாப் பழைய திகதியில ஏதும் கிடந்தால் தேடுங்கோ. உனக்கு அப்போதே தொலைபேசி எடுத்துச் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் எடுக்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டாலும் அந்தக் காரியத்தில் உன் கை பட்டதாகிவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றில் இருந்து எல்லாம் முடியும்வரை நான் உன் தொலைபேசிக்குப் பதில் சொல்லாததற்கு இதுதான் காரணம். கோபம் இல்லை.

அடுத்த நாள் வாசலில் தாள்களை எல்லோருக்கும் காட்டினேன். யோகன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "அப்ப அக்காக்கு இடம் உறுதி. நாங்கள் சாக்கை மடிச்சுக்கொண்டு போவம்" என்றான். செல்வராணி அக்கா விடவில்லை. "எங்களுக்குப் பதியாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத் தான் மட்டும் வருசம் வருசம் பதிஞ்சிருக்கிறாள் பார், கெட்டிக்காரி." அந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். நான் மறுத்துக் கதைக்கவில்லை. "ஓம் அக்கா. உங்களுக்குப் பிழையாச் சொன்னது நான்தான். எனக்குக் கிடைச்சது தற்செயல். இப்ப இந்தத் தாளை வைச்சு ஏழு பேருக்கும் கேக்கப் போறன். ஆனா எல்லாரும் பேர் குடுக்கவேணும். அடையாள அட்டைக் கொப்பியும் வேணும்" என்றேன். யோகன் நிலத்தைப் பார்த்தான். அப்போது, எல்லோருக்கும் முதல், திட்டிய அதே செல்வராணி அக்காதான் பணப்பையைத் திறந்து அட்டையை எடுத்து என் தராசில் வைத்தார். யுத்தத்தில் காணாமல் போன அவருடைய மூத்த மகன் எங்கே என்று இன்றுவரைக்கும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "மகனைத் தேடி என்ர பேர் பதியாத அரசாங்கக் கந்தோர் இந்த நாட்டில இல்லை. பதிஞ்சு பதிஞ்சு கை ஓய்ஞ்சு போச்சு. இது ஒண்டாவது துண்டு தருதெல்லோ. எழுது" என்றார். பிறகு மற்ற ஐந்து அட்டையும் வந்தன. கடைசியாக யோகனுடையது.

அட்டைகளோடு கம்பனியின் வணிகப் பிரிவுக்குப் போனேன். அங்கே பொறுப்பாக வந்திருப்பவர் வவுனியாப் பெண். உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார், பிறகு சிரிப்பை எடுத்து வைத்துவிட்டார். எனக்கு அப்படியான ஆட்களைப் பிடிக்கும், எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க வேலை செய்யிற ஆரும் உங்கட சொந்தமோ?"

"மகன். தலைமை அலுவலகத்தில."

"அப்ப முதல் இதில கையெழுத்து வையுங்கோ." உன் பெயரும் என் பெயரும் உறவும் எழுதிய ஒரு படிவம். இந்தக் கோப்பு உன் கைக்கு வராது, நீ இதைப் பற்றி யாரிடமும் கதைக்க முடியாது, கதைத்தால் அனுமதி இரத்து என்று அதில் இருந்தது. முழுக்க இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். தம்பி, என் வாழ்க்கையில் பயப்படாமல் வைத்த முதல் கையெழுத்து அது. அந்தப் படிவம் அங்கே இருக்கிறது. சந்தையில் கதைக்கிறவர்கள் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

என் ஐந்து தாளையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது காணும் அம்மா. ஒரு மேசை தாறம். மற்ற ஆறு பேரிட்டையும் ஒண்டும் இல்லை, அந்த இடத்தைக் கேள்விப்பத்திரத்துக்கு விடவேணும்" என்றார். நான் எழும்பவில்லை. "ஒரு மேசை எனக்கு வேண்டாம்" என்றேன். "ஏன்?" என்று கேட்டார். இதில் தருமம் ஒன்றும் இல்லை, யாவாரம்தான், அவருக்கும் அப்படித்தான் சொன்னேன். "பெட்டி நிறுக்க வாறவை அரை மணித்தியாலம் நிப்பினம். நிக்கிறவைக்குத் தேத்தண்ணி வேணும். கூடினதை எடுத்தால் பை வேணும், பெட்டி வெடிச்சால் தைக்க வேணும், பூட்டு வேணும். அதெல்லாம் பக்கத்தில இல்லாட்டில் என்ர தராசுக்கு ஆரும் வராயினம், நேர கவுண்டருக்குத்தான் போவினம்." அவர் சொன்னார், கொழும்பில் இருந்து ஒரு பெரிய கோப்பிக் கடை கேட்டிருக்கிறதாம், கூட வாடகை தருகிறார்களாம். "வரட்டும். உள்ளுக்க குடுங்கோ" என்றேன். "உள்ளுக்க போறது ஒருத்தர். வாசலுக்கு வெளியில நிக்கிறது இருபது பேர். ஒருத்தரை ஏத்த ஒரு வான் நிறையச் சனம் வாற ஊர் இது. அவை கோப்பி குடிக்கிற ஆக்கள் இல்லை." அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிவிட்டார். பிறகு நான் கடைசியாக வைத்திருந்ததைச் சொன்னேன். "இரண்டு மாதத்துக்கு முன்னம் எனக்குக் காய்ச்சல். மூண்டு நாள் வரேல்ல. அந்த மூண்டு நாளும் என்ன நடந்தது எண்டு கவுண்டரில கேளுங்கோ." அவர் தொலைபேசியை எடுத்து ஒரு பெடியனைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்று, என்னைக் கண்டுவிட்டு, "ஐயோ மிஸ், அந்த மூண்டு நாளும் வேண்டாம். பெட்டியெல்லாம் நிலத்தில அவிட்டுப்போட்டு, ஒராள் கருவாட்டைக் கொட்டி, விமானம் பிந்தி, பைலட் வந்து ஏசினவர்" என்றான். அவன் போன பிறகு அவர் என்னைக் கேட்டார், "பெயர் விபரம் எல்லாருமே தருவினமோ? பிறகு பின்வாங்கக் கூடாது." ஏழு அட்டைக் கொப்பியையும் மேசையில் அடுக்கினேன்.

என் தாளை வைத்து ஒரே அனுமதியில் ஏழு பேரையும் போடலாம் என்றார், ஆனால் வாடகை பேச அதற்குப் பிறகும் மூன்று தரம் போய்வந்தேன். அவர் கேட்ட வாடகை ஒன்று, நான் சொன்னது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு முடிந்தது. நிறுக்கிற கூலியை நாங்கள் நினைத்தபடி கூட்டக்கூடாது என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். அதை விட்டுக்கொடுத்தேன். ஏனென்றால் வழியனுப்ப வந்து அழுகிறவர்களிடம் அந்த நேரம் பார்த்து விலை கூட்டுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன், ஒருநாள் எனக்கும் அந்தப் புத்தி வரலாம்.

இனி உனக்கு. கம்பனிக்குப் போனது சரியோ பிழையோ என்று நீ என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். நான் கண்டதைச் சொல்கிறேன். பழைய பொறுப்பதிகாரி எங்களைக் காணாமல் விட்டது நல்ல மனது. ஆனால் அவர் மாற்றலாகிப் போனபோது அந்த நல்ல மனதும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. எங்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வவுனியாப் பெண் எங்களுக்கு இரங்கவில்லை, ஆனால் அவர் நாளைக்கு மாறினாலும் அவர் தந்த அனுமதித் தாள் இருக்கும். எனக்கு இது போதும். உங்கள் கம்பனி நாளைக்கு யாருடைய கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பயந்துதான் அனுமதித் தாளில் காலம் மூன்று வருடம் என்று எழுத வைத்தேன். நீயும் எந்தக் காரியத்துக்கும் காலம் எழுதிக் கையெழுத்து வை.

இன்னொன்று. நீ ஒருநாள் இன்னொரு ஊரில் இன்னொரு வாசலில் இருக்கிறவர்களுக்கு அறிவித்தல் எழுதவேண்டி வரும். அப்போது ஆவணம் இல்லை என்று ஒருவரை ஒரு கோட்டில் வெட்டிவிடாதே. பெயர் கொடுக்காதவன் எல்லாம் எதையாவது மறைக்கிறவன் இல்லை. உன் தாத்தாவைப் போல ஒரு தாளால் நாடே மாறிப்போனவனாக இருக்கலாம். கொஞ்சம் பக்கத்தில் போய், "உங்களிட்ட முத்திரை குத்தின ஏதும் கிடக்கோ? கிளினிக் கொப்பி, பஸ் சீசன் ரிக்கற், தராசுத் தாள்?" என்று கேள். எங்களைப் போன்றவர்களிடம் எங்கேயாவது ஒன்று இருக்கும், எங்களுக்கே தெரியாமல். ஆனால் பொய்த் திகதி கேட்டால் கொடுக்காதே. கேட்பது உன் அம்மாவாக இருந்தாலும், குசினியில் கச்சான் கருகினாலும் கொடுக்காதே. அன்று நீ சொன்ன "ஏலாது" என்ற ஒரு சொல்லால்தான் ஏழு பேரும் இன்றைக்கு நேராக நிமிர்ந்து இருக்கிறோம். ஆடென்ன அம்மா என்ன என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டில் கேட்கலாம்தான். ஏசினது பக்கத்து வளவுக்கும் கேட்டது, மன்னிப்பு அதைவிடக் கூடக் கேட்கட்டும்.

முடிவான ஒழுங்கு இதுதான், எல்லோரும் அறியட்டும். ஒரு அனுமதிப்பத்திரம், அதில் ஏழு பெயர், முதலாவது செல்வராணி அக்காவின் பெயர். காலம் மூன்று வருடம். ஏழு மேசைக்கும் சேர்த்து மாத வாடகை நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், ஆளுக்கு ஆறாயிரம், வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் மாதம் மாதம் பற்றுச்சீட்டு. தராசுக்கு வருட முத்திரை கட்டாயம். என் மகன் இந்தக் கோப்பைத் தொடக்கூடாது. பெட்டி நிறுக்கிற கூலி நூறு ரூபாய், பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம், யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ பெட்டியோடு வந்து நின்றாலும் நூறு ரூபாய்தான். துண்டு தருவேன்.

அம்மா